கடல் தானே சரியாகிவிடும் என்கிறீர்களே, எத்தனை ஆண்டுகளில்?

வாசகர் கேள்வி, மார்ச் 3

"கரியமில வாயு கூடுவதால் கடல் அமிலமாகிறது, சிப்பியும் பவளமும் கரைந்துவிடும் என்று எழுதுகிறார்கள். டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் காற்றில் இந்த வாயு இன்றைக்கு இருப்பதைவிட அதிகம். அதே காலத்தில்தான் உலகெங்கும் சுண்ணாம்புப் பாறை மலைமலையாகப் படிந்தது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் காலத்துச் சரக்குதான். கடல் அதையும் தாங்கியது, அதைவிடப் பெரிய அடிகளையும் தாங்கித் தானே சரியாகிவிட்டது. பிறகு எதற்கு இந்தப் பதற்றம்? நான் பொறியியல் மாணவன், தவறாக இருந்தால் திருத்துங்கள்."

மார்ச் 4, இரவு

தம்பி, நீங்கள் சொன்ன இரண்டு தகவல்களும் சரி. டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டமான கிரிட்டேசியஸ் காலத்துக் காற்றில் கரியமில வாயு அதிகம்தான். அரியலூர்க் கல் அந்தக் காலத்துக் கடலடிதான். அந்த ஊர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் வேதியியல் நடத்தியவன் நான். கல்லங்குறிச்சிப் பக்கத்துக் கல் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் கல்லைவிடச் சிப்பிதான் அதிகம் தெரியும். கிரைஃபியா என்ற தடித்த ஓட்டுச் சிப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடக்கும். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆழமில்லாத கடல் இருந்தது.

ஆனால் இந்த இரண்டு தகவல்களிலிருந்தும் நீங்கள் போய்ச் சேர்ந்த முடிவு என்னைத் தூங்க விடவில்லை. "தானே சரியாகிவிட்டது" என்ற சொல்லுக்குள் எத்தனை ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன, அந்த ஆண்டுகளில் யார் செத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நாளை எழுதுகிறேன்.

மார்ச் 5

சுண்ணாம்புத் தெளிநீரில் குழாய் வைத்து ஊதினால் பால் போல வெளுக்கும். எல்லோரும் பள்ளியில் செய்திருப்பீர்கள். "மூச்சுக்காற்றில் கரியமில வாயு உள்ளது" என்று ஏட்டில் எழுதிவிட்டுக் குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவோம்.

கழுவாமல், நிறுத்தாமல், ஊதிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? தெளிநீரில் தண்ணீர் சேர்த்துக் கொஞ்சம் நீர்த்துவிட்டு ஊதிப் பாருங்கள். முதலில் வெளுக்கும். பிறகு அந்த வெண்மை மெல்ல மெல்ல விலகி, தண்ணீர் மறுபடியும் தெளிந்துவிடும். முதல் பாதியில் கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிறது. சிப்பி ஓடும் அரியலூர்க் கல்லும் அந்தப் பொருள்தான். வாயு மேலும் மேலும் வந்தால் அந்தக் கார்பனேட் பைகார்பனேட்டாக மாறித் தண்ணீரில் கரைந்துபோகிறது. ஓட்டைக் கட்டிய வாயுவே ஓட்டைக் கரைக்கவும் செய்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் இந்த இரண்டாம் பாதியை நான் மாணவர்களைக் கொண்டு செய்யவைப்பேன். தேர்வில் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்தும் செய்யவைப்பேன். பால் தெளியும் நொடியில் வகுப்பு அப்படியே அடங்கிவிடும். நீங்கள் கடலின் முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிட்டீர்கள், தம்பி. இரண்டாம் பாதி கடலடியில் பதிவாகியிருக்கிறது.

மார்ச் 7

5.6 கோடி ஆண்டுகளுக்கு முன், பாலியோசீன் முடிந்து இயோசீன் தொடங்கும் எல்லையில், பூமி சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் 5 முதல் 6 டிகிரி சூடேறியது. டைனோசர்கள் அழிந்து ஒரு கோடி ஆண்டுகள் ஆகியிருந்தன. டைனோசர்களை அழித்தது போன்ற பெரிய விண்கல் எதுவும் இதற்குக் காரணமாகத் தெரியவில்லை. பெருமளவு கார்பன் காற்றுக்கும் கடலுக்கும் வந்து சேர்ந்தது.

2003இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் தென் அட்லாண்டிக்கில், நமீபியாவுக்கு மேற்கே கடலுக்கடியில் கிடக்கும் வால்விஸ் முகட்டுக்குப் போனது. ஜேம்ஸ் ஸாகோஸ், டிக் குரூன் என்ற இருவர் தலைமையேற்றார்கள். முகட்டின் சரிவில் ஆழம் குறைந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஆழம் வரை வரிசையாகத் துளையிட்டுச் சேற்றுத் தூண்களை மேலே எடுத்தார்கள். அந்தத் தூண்களின் படத்தை நான் முதலில் பார்த்த நாள் இன்றும் நினைவிருக்கிறது. கீழிருந்து மேலாகப் பார்த்தால் வெளிர் நிறச் சேறு. கண்ணுக்குத் தெரியாத கடலுயிர்களின் ஓடுகள் லட்சக்கணக்கான ஆண்டுகள் உதிர்ந்து குவிந்தது அது. திடீரென்று கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு. அதற்கு மேல் செம்பழுப்புக் களிமண். சுண்ணாம்பின் சுவடே ஏறக்குறைய இல்லை. பிறகு மேலே போகப் போகச் சிறிது சிறிதாக நிறம் வெளுத்துப் பழையபடி சுண்ணாம்புச் சேறு.

பால் தெளிந்த அதே நொடிதான் அந்தக் கோடு.

மலைகளில் பனிக்கோடு இருப்பதுபோலக் கடலுக்கும் ஒரு கோடு உண்டு. அதற்கு மேலே உள்ள கடலடி வெள்ளையாக இருக்கும். கீழே போனால் குளிரும் அழுத்தமும் கூடி, விழுகிற ஓடுகள் எல்லாம் கரைந்து வெறும் களிமண் மட்டும் மிஞ்சும். இன்றைய கடல்களில் அந்தக் கோடு பெரும்பாலும் 4 முதல் 5 கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. வால்விஸ் முகட்டில் அந்தக் கோடு பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் 2 கிலோமீட்டருக்கு மேல் எழும்பி வந்திருக்கிறது. திரும்பக் கீழே இறங்க ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

மறுபடி படித்துப் பாருங்கள். ஏறியது சில ஆயிரம் ஆண்டுகளில். இறங்கியது லட்சம் ஆண்டுகளில்.

மார்ச் 8, காலை

ஒரு திருத்தம். கேள்வியிலும் என் பேச்சிலும் "கடல் அமிலமானது" என்ற சொல் புழங்குகிறது. கப்பல் பொறியாளராகப் பணிபுரியும் வாசகர் ஒருவர், "கடல்நீர் அமிலமே இல்லையே ஐயா, காரம்தானே" என்று கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. இன்றைய கடற்பரப்பின் பி.எச். சுமார் 8.1. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்தது. 7க்குக் கீழே போனால்தான் அமிலம். 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் மேற்பரப்புக் கடல் அமிலமாகவில்லை. அந்தக் காலத்து ஓடுகளில் போரான் என்ற தனிமத்தின் வகைகளை அளந்தவர்கள் பி.எச். சுமார் 0.3 சரிந்தது என்கிறார்கள். காரம் குறைந்தது என்பதே சரியான சொல்.

ஆனால் 8.2 போய் 8.1 ஆனதில் உள்ள 0.1 என்பதைப் பார்த்துச் சின்ன எண் என்று நினைத்துவிட வேண்டாம். பி.எச். மடக்கை அளவு. 0.1 குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கு மேல் கூடிவிட்டன என்று பொருள். ஓடு கட்டும் உயிருக்கு வேண்டியது கார்பனேட் அயனி. ஹைட்ரஜன் அயனி போய் அதைப் பிடித்துக்கொள்கிறது. வீடு கட்டுகிறவன் வாங்கி வைத்த செங்கல்லை வேறொருவர் வண்டியேற்றிக்கொண்டு போவதைப் போல.

மார்ச் 12

நான்கு நாளாக எழுதவில்லை. இடையில் "ஆக 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலே செத்துவிட்டது என்கிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படி நான் சொல்லவில்லை, ஆனால் அப்படி ஒலிக்கும்படி எழுதிவிட்டேன். உண்மை அதைவிடச் சிக்கலானது.

மேற்பரப்பில் மிதக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டன. வெப்பக் கடலுக்கு உரியவை துருவத்தை நோக்கி நகர்ந்தன. ஆர்க்டிக் கடலடியில் 2004இல் துளையிட்டபோது, அந்தக் காலத்தில் அங்கே கடற்பரப்பின் வெப்பம் 20 டிகிரிக்கு மேல் இருந்தது என்பது தெரியவந்தது. வெப்பக் கடலில் வாழும் மிதவைப் பாசி ஒன்று அங்கே வரைக்கும் போயிருக்கிறது. நிலத்தில் குதிரையின் மூதாதையரும் குரங்கினத்தின் மூதாதையரும் வட அமெரிக்காவில் தலைகாட்டியது இந்தச் சூட்டோடு சூடாகத்தான். அவர்களுக்கு இது நல்ல காலம் என்றுகூடச் சொல்லலாம்.

அடி விழுந்தது ஆழத்தில். ஃபோராமினிஃபெரா என்று ஓர் உயிரினம். மணல் துகள் அளவு, ஒரே செல், ஆனால் அறை அறையாக ஓடு கட்டும். உருப்பெருக்கியில் பார்த்தால் சங்கைச் செதுக்கிய சிற்பி இதையும் செதுக்கினாரோ என்று தோன்றும். ஆழ்கடல் அடியில் வாழ்ந்த அதன் வகைகளில் 30 முதல் 50 சதவீதம் அப்போது அழிந்தன. அண்டார்க்டிகாவுக்கு அருகே வெட்டெல் கடலில் எடுத்த சேற்றுத் தூணில் ஜேம்ஸ் கென்னட், லோவல் ஸ்டாட் இருவரும் 1991இல் இதைக் கண்டு எழுதினார்கள். விண்கல் விழுந்து டைனோசர்கள் அழிந்தபோது இதே ஆழ்கடல் வகைகள் பெரிய சேதமில்லாமல் தப்பியவை. இதில்தான் மாட்டிக்கொண்டன.

ஏன்? ஆழ்கடல் மாறாத இடம். குளிர், இருட்டு, அமைதி. தலைமுறை தலைமுறையாக அதற்கே பழகியவை அவை. அந்த இடம் 4, 5 டிகிரி சூடேறி, ஆக்சிஜன் குறைந்து, ஓட்டையும் கரைக்கத் தொடங்கினால் அவை எங்கே போகும்? மேலே உள்ளவை துருவத்துக்குப் போயின. கீழே இருந்தவற்றுக்குப் போக்கிடம் இல்லை.

மார்ச் 12, அதே நாள் மாலை

இன்னொன்று. களிமண் அடுக்கு, ஓடு விழாத காலத்தின் பதிவு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தண்ணீர், அதற்கு முன்பே விழுந்து கிடந்த ஓடுகளையும் அரித்துத் தின்றிருக்கிறது. நெருக்கடி தொடங்கிய நாட்களின் ஏடுகளை நெருக்கடியே அழித்திருக்கிறது. ஆழம் கூடக் கூடக் களிமண் தடிமனாக இருப்பதும் இதனால்தான். கரையான் அரித்த ஓலைச்சுவடியைத் தடவிப் படிப்பவர்களுக்கு இந்த ஆய்வாளர்களின் பாடு புரியும்.

மார்ச் 13

"எவ்வளவு கார்பன்? எங்கிருந்து?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

எங்கிருந்து என்பதில் சண்டை இன்னும் தீரவில்லை. கிரீன்லாந்தும் ஐரோப்பாவும் பிளந்து விலகிய காலம் அது. நார்வேக்கு அப்பால் உருகிய பாறை, கரிமம் நிறைந்த சேற்றுப்படிவுகளுக்குள் புகுந்து அவற்றைச் சுட்டது என்று ஒரு சாரார். கடலடியில் பனிக்கட்டி போல் உறைந்திருந்த மீத்தேன் சூட்டில் விடுபட்டது என்று ஒரு சாரார். இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்பவர்களும் உண்டு. எவ்வளவு என்பதில் 3 லட்சம் கோடி டன் கார்பன் முதல் 10 லட்சம் கோடி டன்னும் அதற்கு மேலும் வரை மதிப்பீடுகள் இருக்கின்றன.

என் கவனம் மொத்த அளவில் இல்லை, வேகத்தில்தான். 2016இல் ரிச்சர்ட் ஸீபியும் உடன் பணியாற்றியவர்களும் கணக்கிட்டபடி, அப்போது ஆண்டுக்கு வெளியான கார்பன் 110 கோடி டன்னைத் தாண்டவில்லை. நாம் இப்போது ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன் விடுகிறோம். செய்தித்தாளில் 3,700 கோடி டன் என்று படித்ததாக ஒருவர் குழம்பியிருக்கிறார். அது கரியமில வாயுவின் எடை. ஆக்சிஜனைக் கழித்துக் கார்பனை மட்டும் எண்ணினால் ஆயிரம் கோடி வரும். 44க்கு 12 என்ற கணக்கு.

மார்ச் 19

இப்போதுதான் உங்கள் கேள்வியின் நடுமையத்துக்கு வருகிறேன், தம்பி. இத்தனை நாள் சுற்றி வளைத்ததற்குக் காரணம் உண்டு. கரியமில வாயு அதிகமாக இருந்த கிரிட்டேசியஸ் கடலில் சுண்ணாம்பு கரையாமல் எப்படிக் குவிந்தது?

வாயு மெல்ல மெல்ல, பல லட்சம் ஆண்டுகளாகக் கூடினால் நிலமும் கூடவே வேலை செய்கிறது. மழைநீர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு பாறைமேல் விழுகிறது. பாறை அரிகிறது. அரிந்த கால்சியமும் பைகார்பனேட்டும் ஆற்றோடு கடலுக்குப் போகின்றன. வாயு கூடக் கூட மழையும் சூடும் கூடி, அரிப்பும் கூடுகிறது. கடலுக்கு மாற்று மருந்து தொடர்ந்து வந்துகொண்டே இருக்கிறது. அதனால் காற்றில் வாயு அதிகமாக இருந்தும் கடலில் கார்பனேட் குறையவில்லை. போதாதற்குக் கிரிட்டேசியஸ் கடல்நீரில் கால்சியமே இன்றைவிட அதிகம். இங்கிலாந்தின் டோவர் கடற்கரையில் நிற்கும் வெள்ளைப் பாறைச் சுவர் முழுவதும் கோக்கோலித் என்ற நுண்பாசித் தட்டுகள் குவிந்தது. நம் ஊரில் சிப்பி. இரண்டும் பழகிக்கொள்ள நேரம் கிடைத்த கடலின் கட்டடங்கள்.

வாயு ஆயிரக்கணக்கான ஆண்டுகளில், இன்னும் மோசமாக நூற்றுக்கணக்கான ஆண்டுகளில் கொட்டினால் பாறை அரிப்பு எட்டிப்பிடிக்க முடியாது. கடலே தன் அடியில் இருக்கும் பழைய ஓட்டைக் கரைத்துச் சமாளிக்க வேண்டியதுதான். வயிறு எரியும்போது சுண்ணாம்பு மாத்திரை போட்டுக்கொள்வதைப் போல. அந்த மாத்திரை மேற்பரப்பிலிருந்து கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில் இருக்கிறது. மேல்நீர் அங்கே போய்க் கலந்து திரும்ப ஆயிரம் ஆண்டு ஆகும்.

ஆகவே வாயு எவ்வளவு இருந்தது என்று கேட்டால் கிரிட்டேசியஸ் பதில் சொல்லும். எவ்வளவு வேகமாக வந்தது என்று கேட்டால் வால்விஸ் முகடு பதில் சொல்லும். நமக்கு இரண்டாவதுதான் பொருந்தும்.

மார்ச் 20

நேற்று எழுதி முடித்த பிறகு தாத்தாவின் நினைவு வந்தது. வெள்ளாற்று முகத்துவாரத்துக்கு அருகே கிளிஞ்சல் சுட்டு விற்றவர் அவர். காளவாயில் ஓர் அடுக்குக் கரி, ஓர் அடுக்குக் கிளிஞ்சல் என்று மாற்றி மாற்றிப் போட்டு, துருத்தி போட்டு இரவு முழுவதும் எரிப்பார்கள். விடிந்ததும் வெந்த கிளிஞ்சலை அள்ளிக் கொட்டித் தண்ணீர் தெளித்தால் புஸ்ஸென்று கொதித்து வெள்ளைப் பொடியாக மலரும். "கிளிஞ்சலுக்குள்ளே காற்றை அடைச்சு வெச்சிருக்கான் கடல்ராசா, அதை நாம தொறந்து விடறோம்" என்பார். எழுதப்படிக்கத் தெரியாதவர். வேதியியல் படித்த பிறகுதான் அவர் சொன்னது எவ்வளவு துல்லியம் என்று தெரிந்தது. 100 கிலோ கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும்.

தாத்தாவின் காளவாய் சிறியது. சுவரில் பூசிய சுண்ணாம்பு காலப்போக்கில் அந்த வாயுவைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டுதான் கெட்டிப்பட்டது. இன்று அரியலூரில் சிமென்ட் சூளைகளில் அதே வேலை நடக்கிறது, அளவு வேறு. 7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு சிப்பி கடல்நீரிலிருந்து எடுத்துத் தன் ஓட்டில் பூட்டி வைத்த கார்பன் ஒரு பகல் பொழுதில் புகைபோக்கி வழியாக வெளியேறுகிறது. என் மாணவர்கள் பலருடைய வீட்டுச் சோறு அந்தச் சூளைகளிலிருந்து வந்தது. அதை மறந்துவிட்டு எழுத எனக்கு மனம் வராது.

மார்ச் 22

தாத்தா பேச்சை எடுத்ததும் வீட்டுப் பூஜை அறைச் சாளக்கிராமத்தைப் பற்றி ஓர் அம்மா கேட்டிருக்கிறார். ஆம் அம்மா, நேபாளத்துக் காளி கண்டகி ஆற்றில் எடுக்கப்படும் சாளக்கிராமங்களின் உள்ளே தெரியும் சக்கரம் அம்மோனைட் என்ற கடலுயிரின் ஓடு. இமயம் எழும்புவதற்கு முன் அங்கே டெதிஸ் கடல் இருந்தது. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கமும் அம்மோனைட்டுகள் கிடைக்கின்றன. காரைச் செம்மண் ஓடைகளில் மழைக்குப் பிறகு மாணவர்களோடு நடந்து பொறுக்கியிருக்கிறேன். அவற்றை ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்ற செக் நாட்டவர் 1860களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்துகொண்டு ஒவ்வொன்றாக விவரித்து எழுதியிருக்கிறார்.

அம்மோனைட்டின் கதையும் இந்த இழைக்கு உரியதுதான். 25.2 கோடி ஆண்டுக்கு முந்தைய பேரழிவில் ஒருசில கிளைகள் மட்டும் தப்பின. அதற்கு அடுத்து வந்த டிரையாசிக் காலத்தின் முடிவில் மறுபடி மயிரிழையில் தப்பின. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்தபோது முடிந்துபோயின. ஒன்றுவிட்ட தம்பி போன்ற நாட்டிலஸ் மட்டும் இன்றும் பசிபிக்கில் நீந்துகிறது. நாட்டிலஸ் பெரிய முட்டையிட்டு ஆழத்தில் பொரிப்பது, அம்மோனைட்டின் குஞ்சுகளோ மிகச் சிறியவை, மேற்பரப்பில் மிதவை உயிரிகளோடு சேர்ந்து வாழ்ந்தவை. மேற்பரப்பு கெட்டதும் குஞ்சுகள் மாண்டன என்பது பலர் ஏற்கும் விளக்கம். 5.6 கோடி ஆண்டுக்கு முந்தைய நெருக்கடியில் ஆழத்துக்கு அடி, விண்கல் விழுந்தபோது மேற்பரப்புக்கு அடி. இரண்டு முறை தப்பியதால் மூன்றாம் முறையும் தப்பும் என்று அம்மோனைட்டுக்கு யாரும் உறுதி தரவில்லை.

மார்ச் 28

"பெரிய அடிகள்" என்று நீங்கள் சொன்னதில் பெரியது பெர்மியன் காலத்தின் முடிவு, அதாவது நான் சொன்ன 25.2 கோடி ஆண்டுக்கு முந்தைய பேரழிவு. சைபீரியாவில் எரிமலைக் குழம்பு நிலக்கரியையும் சுண்ணாம்புக்கல்லையும் உப்புப் படிவுகளையும் சுட்டுக்கொண்டு மேலே வந்தது. கடலுயிர் வகைகளில் பத்தில் எட்டுக்கும் மேல் போயின. டிரைலோபைட்டுகள் என்ற பழங்காலக் கடலுயிர்கள் அதோடு முடிந்தன. சீனாவில் மெய்ஷான் கற்சுரங்கத்தில் எரிமலைச் சாம்பலைக் காலக்கணிப்புச் செய்தவர்கள், அழிவின் உச்சம் சில பத்தாயிரம் ஆண்டுகளுக்குள் முடிந்தது என்கிறார்கள். நம் நாட்டில் ஸ்ரீநகருக்கு அருகே குர்யுல் ஓடைச் சரிவிலும் அந்த எல்லை பாறையில் திறந்து கிடக்கிறது.

என்னை இதில் ஆட்டுவது பவளம். அன்றைய பவளக் குடும்பங்கள் இரண்டும் அடியோடு அழிந்தன. அதன்பின் சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்குப் பாறைகளில் பவளமே இல்லை. பிறகு திடீரென்று இன்றைய பவளங்களின் முன்னோர்கள் பல வடிவங்களில் தோன்றுகின்றன. இடையில் எங்கே இருந்தன?

2007இல் இஸ்ரேலைச் சேர்ந்த மாவோஸ் ஃபைன், டான் செர்னோவ் இருவரும் மத்தியதரைக் கடல் பவளங்களை பி.எச். குறைந்த நீரில் ஓராண்டு வைத்துப் பார்த்தார்கள். எலும்புக்கூடு கரைந்துபோனது. உயிர் சாகவில்லை. ஓடில்லாத வெறும் சதைப் பாலிப்பாக, கடற்சாமந்தியைப் போல வாழ்ந்தது, இனப்பெருக்கத்துக்கும் தயாரானது. பழைய நீரில் விட்டதும் மறுபடி எலும்பு கட்டத் தொடங்கியது. அந்த ஒரு கோடி ஆண்டையும் சில பவளங்கள் இப்படி அம்மணமாகக் கடந்திருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இது வலுச் சேர்க்கிறது. இதைப் படித்த அன்று வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு இதைத்தான் சொன்னேன்.

பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "அப்போ பவளத்திட்டில் இருந்த மீனெல்லாம் எங்கே சார் போச்சு?" என்றாள். பவளம் உயிரோடு இருந்தாலும் திட்டு இல்லை. அந்த ஒரு கோடி ஆண்டில் பவளம் கட்டிய வீடு கடலில் ஒன்றுகூட இல்லை.

ஏப்ரல் 2

ஒரு மறுயோசனை. நான் வேதியியல்காரன், அதனால் எல்லாப் பழியையும் சுண்ணாம்புக் கணக்கில் எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. ஜஸ்டின் பென், கர்ட்டிஸ் டாய்ச் குழுவினர் 2018இல் பெர்மியன் அழிவைக் கணினியில் மீட்டுருவாக்கினார்கள். வெப்பமண்டலக் கடற்பரப்பு சுமார் 10 டிகிரி சூடேறி, கடல் தன் ஆக்சிஜனில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இழந்தது என்கிறது அந்த ஆய்வு. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும்; அதே சூட்டில் உயிருக்கு மூச்சு அதிகம் தேவைப்படும். இந்த இரண்டுமே அழிவில் பாதிக்கு மேற்பட்டதை விளக்கிவிடுகின்றனவாம். கோடைக் குளத்தில் மீன் விடியற்காலையில் வாயைப் பிளந்துகொண்டு மேலே வருவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே மார்ச் 5 குறிப்பை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதுதான் முழுக்கதை என்று கொள்ளாதீர்கள். சூடு, மூச்சுத்திணறல், கரைப்பு மூன்றும் ஒன்றாக வரும். மூன்றுக்கும் ஊற்று ஒன்றே. பெர்மியனில் கொன்றவற்றுள் முதல் இடம் எதற்கு என்று கேட்டால் இப்போது மூச்சுத்திணறலையே சொல்வேன்.

ஏப்ரல் 9

"சரியான விதத்தையும் சொல்லுங்கள்" என்று தம்பி கேட்டிருக்கிறார். நியாயம். 5.6 கோடி ஆண்டுக்கு முந்தைய கடல் சரியானதை நான் மறைக்கவில்லை.

முதலில் கடலடி ஓடுகள் கரைந்து கொஞ்சம் ஈடுகட்டின. பிறகு நிலத்துப் பாறைகள் அரிந்து கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் ஆற்றில் அனுப்பின. அந்த வேலை தொடங்கிய வேகத்தில் நிற்கவில்லை. தேவைக்கு மேலும் அனுப்பியது. சேற்றுத் தூண்களில் இது தெரிகிறது. நெருக்கடி தீர்ந்த பிறகு அந்தக் கரைவுக்கோடு பழைய இடத்துக்கும் கீழே இறங்கியிருக்கிறது. சில இடங்களில் நெருக்கடிக்கு முன்பு இருந்ததைவிட அதிகச் சுண்ணாம்பு படிந்தது. மொத்தத்தில் ஒன்றரை, இரண்டு லட்சம் ஆண்டு வேலை.

புதியவர்களும் வந்தார்கள். டெதிஸ் கடலோரத்தில் பவளத்திட்டுகள் பின்வாங்கிய இடங்களை நாணய வடிவப் பெரிய ஃபோராமினிஃபெராக்கள் பிடித்துக்கொண்டன. அவற்றின் வழிவந்த நம்மியுலைட்டுகள் குவிந்த சுண்ணாம்புக்கல்லைத்தான் பிற்காலத்தில் எகிப்தியர் கீசாப் பிரமிடுகளுக்கு வெட்டினார்கள். கற்களிலிருந்து உதிர்ந்து கிடந்தவற்றைப் பற்றி, கட்டியவர்கள் தின்று மிச்சம்வைத்த பருப்பு கல்லாகிவிட்டது என்று ஊர்மக்கள் சொன்னதைக் கிரேக்க நூலாசிரியர் ஸ்ட்ராபோ குறித்து வைத்திருக்கிறார்.

கடல் சரியானது உண்மை. அழிந்த ஆழ்கடல் வகைகள் திரும்பி வரவில்லை என்பதும் உண்மை. அந்த இடத்துக்கு வேறு வகைகள் வந்தன. இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் "சரியானது" என்ற சொல்லை என்னால் பயன்படுத்த முடிகிறது.

ஏப்ரல் 10

இரண்டு லட்சம் ஆண்டு என்றால் எவ்வளவு என்று ஒருவர் கேட்டார். கீழடி சுமார் 2,600 ஆண்டு. அதைப் போலச் சுமார் எழுபத்தேழு மடங்கு.

ஏப்ரல் 21

விடுமுறைக்குப் பேத்தி வந்திருக்கிறாள், ஏழாம் வகுப்பு. மார்ச் 5 குறிப்பைப் படித்துவிட்டுச் செய்து பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். தெளிநீரை நீர்த்துக் கொடுத்தேன். உறிஞ்சக்கூடாது, ஊத மட்டும் வேண்டும் என்று மூன்று முறை சொன்னேன். ஊதினாள். வெளுத்தது. கன்னம் வலிக்கிறது என்று நிறுத்தி நிறுத்தி ஊதினாள். பத்து நிமிடத்துக்குள் தெளிந்துவிட்டது.

"இதைத் திரும்ப வெள்ளையாக்க முடியுமா தாத்தா?" என்றாள். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் உடனே ஆகும், வெந்நீர்ப் பானையின் உட்புறத்தில் பொருக்குத் தட்டுவது அதனால்தான் என்றேன். அடுப்பு வேண்டாம், தானாக ஆகிறதா பார்க்கலாம் என்று குவளையை மூடாமல் ஜன்னல் மேடையில் வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 29

குவளையின் விளிம்பை ஒட்டி மெல்லிய வெண்கோடு ஒன்று தெரிகிறது. தண்ணீரின் மேல் நகத்தால் தொட்டால் உடையும் அளவுக்கு ஓர் ஏடு. மீதி நீர் இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது. பேத்தி நேற்றே ஊருக்குப் போய்விட்டாள். படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். குவளையை அப்படியே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறாள்.